எடைமேடையில் எந்த வண்டி ஏற வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. பெருந்துறைப் பக்கம் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, நூற்பாலையிலிருந்து திருப்பூருக்கு நூல் மூட்டையும், நூல் இல்லாத நாளில் மக்காச்சோளமோ தவிடோ கிடைத்ததையும் ஏற்றுகிறீர்கள். நான்குவழிச் சாலையில் சுங்கச்சாவடி ஓரத்து எடைமேடையைப் பார்த்து, அதில் எந்தெந்த வண்டிகள் கட்டாயம் ஏற வேண்டும், சின்ன வண்டிக்கு விலக்கு உண்டா என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே லாரி என்றால் எடை நிலையத்துக்குள் போகாமல் தாண்டவே முடியாது என்று சொன்னது உங்கள் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. யாரும் கைகாட்டாதபோது பேசாமல் போய்விட்டால் குற்றமா என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எனக்குப் படுகிறது.

குற்றமில்லை. இன்ன வகை வண்டிகள் எடைமேடையைக் கண்டால் தாமாகவே நின்றாக வேண்டும் என்ற பட்டியல் எதுவும் நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆனால் அதிகாரம் உள்ளவர் சொல்லிவிட்டால் எந்தச் சரக்கு வண்டியும் நின்றே ஆக வேண்டும். பதினாறு சக்கர லாரிக்கும் குட்டி யானைக்கும் இதில் வேறுபாடு கிடையாது. கூடுதல் பாரத்தோடு ஓட்டுவதோ, யார் கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் குற்றம்தான். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி அலுவலகங்களில் கணக்கு எழுதி, பிறகு வண்டிக்காரர்களுக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். வழக்கறிஞன் அல்லன். சட்டத்தில் எழுதியிருப்பதையும் சாலையில் நடப்பதையும் முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113, 114 ஆகிய இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆர்.சி.யில் எழுதியுள்ள மொத்த எடைக்கு மேல் எந்த வண்டியையும் பொது இடத்தில் ஓட்டக் கூடாது, வெற்று வண்டியின் எடையும் ஆர்.சி.யில் உள்ளதை மிஞ்சக் கூடாது என்கிறது 113. வரம்பு மீறிப் பாரம் ஏற்றியிருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், மாநில அரசு அதிகாரம் அளித்த மோட்டார் வாகனத் துறை அதிகாரி ஒரு சரக்கு வண்டியையோ டிரெய்லரையோ எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும் என்கிறது 114. எந்த எடைமேடைக்கு வேண்டுமானாலும் அனுப்பிவிட முடியாது. வண்டி மேற்கொண்டு போகும் பாதையின் ஏதாவது ஓர் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அல்லது போய்ச் சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பவானியைத் தாண்டிக் கோவைக்குப் போய்க்கொண்டிருப்பவரை, திரும்பிச் சங்ககிரிக்குப் போய் எடை போட்டு வா என்று விரட்ட இந்தப் பிரிவில் இடமில்லை. நம்பக் காரணம் என்பதற்கும் பெரிய ஆராய்ச்சி தேவைப்படாது. பழைய ஆட்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் ஆய்வாளர்களில் அனுபவசாலிகள், பின் ஸ்பிரிங் நிமிர்ந்து கிடப்பதையும் டயர் பிதுங்குவதையும் பார்த்தே இத்தனை டன் கூடுதல் என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இனி உங்கள் பிக்கப். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்று அதே சட்டத்தின் 66-ஆவது பிரிவு சொல்கிறது. இதைக் கேட்டுக்கொண்டு, பெர்மிட்டே இல்லாத வண்டிக்கு எடை ஏது என்று பேசுகிறவர்கள் கொங்கு நாட்டில் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். விலக்கு பெர்மிட்டுக்கு மட்டும்தான். 113, 114 இரண்டிலும் சின்ன வண்டி, பெரிய வண்டி என்ற பிரிவினை கிடையாது. சொல்லப்போனால் சின்ன வண்டிக்குத்தான் அடி பலமாக விழுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-ஆவது பிரிவின்படி கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். முன்பு இது 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்தது. மூன்று டன் அதிகம் ஏற்றிய பத்துச் சக்கர லாரிக்கு 26,000 ரூபாய் என்றால், அரை டன் அதிகம் ஏற்றிய பிக்கப்புக்கும் அடிப்படைத் தொகையான 20,000 ரூபாய் அப்படியே நிற்கும். பெரிய லாரி அதை இரண்டு மூன்று நடை வாடகையில் ஈடுகட்டிவிடும். பிக்கப்காரருக்கு அது மாத வருமானமாகவே இருக்கலாம். இது நியாயமான கணக்கு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

நிற்காமல் போனால் இன்னும் மோசம். எடை போடச் சொல்லியும் நிற்க மறுத்தாலோ, எடை போடுவதற்கு முன்பு பாரத்தை இறக்கிவிட்டாலோ 40,000 ரூபாய் அபராதம். அதாவது, சற்றுக் கூடுதலாக ஏற்றியவர் நின்று எடை போட்டுக் கட்டுவதைவிட, ஓடிப் போய் மாட்டினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு கட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கு ஓட்டுநர் இருக்கிறாரா, நீங்களே ஓட்டுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டுநர் வேறு என்றால் 113-இன் கடைசி உட்பிரிவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வெற்று எடை ஆர்.சி.யில் உள்ளதை மிஞ்சிய வண்டியை ஓட்டினால், அது உரிமையாளருக்குத் தெரிந்தே, அவர் சொல்லியே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். கூடுதல் பாரத்தோடு ஓட்ட விடுகிறவரையும் 113 கட்டுப்படுத்துவதால், 'டிரைவர் ஏற்றிவிட்டார், எனக்குத் தெரியாது' என்பது எடுபடுவது கடினம்.

ஆர்.சி.யில் உள்ள எண்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்பதால் பழைய வண்டி வாங்கியவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும் தொழிலுக்கு நாடு முழுவதும் பெயர். உறுதியாகக் கட்டுவார்கள். ஆனால் முந்தைய உரிமையாளர் பக்கத் தகட்டை உயர்த்தி, தரைக்கு இரண்டாவது இரும்புத் தகடு அடித்து, பெரிய டூல் பாக்ஸ் மாட்டி, ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் வெற்று எடை ஆர்.சி.யில் உள்ளதைவிட ஏறியிருக்கும். அது தனியாகவே ஒரு மீறல். அதோடு, மொத்த வரம்பு மாறாததால் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பட்டை சேர்த்தால் வண்டி கூடுதலாகத் தாங்கும் என்று பட்டறையில் சொல்வது ஸ்பிரிங்குக்குப் பொருந்தலாம். பிரேக்குக்கும் டயருக்கும் பொருந்தாது, ஆர்.சி.க்கு ஒருபோதும் பொருந்தாது. ஒருநாள் வண்டியைக் காலியாக, டீசல் நிரப்பி, எடைமேடையில் ஏற்றி அந்த ரசீதை ஆர்.சி.யோடு வைத்துப் பாருங்கள்.

மொத்த எடை மட்டுமல்ல, அச்சு எடையும், அதாவது சக்கரங்களை இணைக்கும் ஒவ்வோர் ஆக்சிலின் மீதும் விழும் எடையும், கணக்கில் உண்டு. 2018 ஜூலையில் மத்திய அரசு வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின்அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன், இரட்டை அச்சுக்கு 19-லிருந்து 21. ஆறு டயர் லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 ஆனது, பத்து டயர் லாரிக்கு 25-லிருந்து 28.5, பெரிய டிரெய்லருக்கு 49-லிருந்து 55. இந்த எண்களைத் தேநீர்க் கடையில் கேட்டுவிட்டு, பழைய ஆர்.சி. உள்ள வண்டியிலும் அவ்வளவு ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்கு. அச்சுக்கென்று தனி வரம்பு எதற்கு என்றால், சாலை உடைவது அச்சின் அழுத்தத்தால்தான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நடத்திய சோதனையிலிருந்து, அச்சு எடையின் நான்காம் அடுக்கில் சேதம் ஏறுகிறது என்ற கணக்கு வந்தது. அச்சில் 20 சதவீதம் கூடினால் சேதம் ஏறத்தாழ இரட்டிப்பு. மொத்த எடை சரியாக இருந்தும் சரக்கு முழுவதையும் பின்பக்கம் அடுக்கியதால் பின்அச்சில் மாட்டிய வண்டிகள் உண்டு. நூல் மூட்டை இலேசாக, இடத்தை அடைப்பதாக இருப்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மக்காச்சோளம் ஏற்றும் நாளில் கவனம் வேண்டும்.

சுங்கச்சாவடி எடைமேடை வேறு கணக்கு. சேலம்–கொச்சி சாலையில் வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் என்று வரிசையாகச் சாவடிகள். நாமக்கல் வழியாகப் போனால் ராசம்பாளையம். சாவடி ஊழியர் 114-ஆவது பிரிவின் அதிகாரி அல்லர். அவரால் 194-இன்படி அபராதம் போட முடியாது. அவர் கையில் இருப்பது 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள். கூடுதல் பாரம் உள்ள வண்டியிடம் உயர்ந்த கட்டணம் கேட்கவும், அதைத் தாண்ட விடாமல் நிறுத்தவும் அந்த விதிகள் இடம் தருகின்றன. எத்தனை மடங்கு என்பதைத் திருத்தங்கள் மாற்றிக்கொண்டே வந்திருப்பதால் பழைய எண்ணை நம்ப வேண்டாம். சாவடிப் பலகையில் இருப்பதைப் பாருங்கள். பாதையின் முகப்பில் தரையில் பதித்திருக்கும் கருவி, வண்டி மெதுவாக உருளும்போதே ஒவ்வோர் அச்சாக எடை பார்த்துவிடுகிறது. ஆக, நிற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை. கட்டணம் கட்டப் போகும் சரக்கு வண்டி அதன்மேல் ஏறித்தான் போக வேண்டும். ஓடும் வண்டியின் எடையில் பிசகு வர வாய்ப்பு அதிகம். பிரேக்கை அழுத்தினாலே எடை முன்அச்சுக்குத் தள்ளும். கணக்கு தவறு என்று தோன்றினால் நிலையான எடைமேடையில் மறுபடி போடச் சொல்லிக் கேளுங்கள், சண்டை போடாமல்.

2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்ந்தது. வேகக் கேமரா, கண்காணிப்புக் கேமரா இவற்றோடு எடை பார்க்கும் கருவியையும் அது மின்னணுக் கண்காணிப்புச் சாதனமாக ஏற்கிறது. யாரும் கைகாட்டாமலே வீட்டுக்கு அபராதச் சீட்டு வர இதுதான் வழி. நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது அப்போது வந்த விதி. எல்லாச் சாவடிகளிலும் இது ஒரே சீராக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். 'நிறுத்தவில்லை, ஆகவே தப்பித்தேன்' என்ற பழைய நம்பிக்கையை மட்டும் கைவிட்டுவிடுங்கள்.

மச்சான் சொன்னதும் பொய்யில்லை, அவர் ஊருக்கு. அமெரிக்காவில் நெடுஞ்சாலை எடை நிலையம் திறந்திருப்பதாகப் பலகை எரிந்தால் வணிக லாரிகள் தாமாகவே உள்ளே திரும்ப வேண்டும். யார் யார் என்பதை அந்தந்த மாநிலம் வகுக்கிறது. 10,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4.5 டன், என்ற அளவைப் பல மாநிலங்கள் வைத்திருக்கின்றன. வீடு மாற்ற வாடகைக்கு எடுத்த லாரியும் உள்ளே போக வேண்டிய மாநிலங்கள் உண்டு. நல்ல பதிவு உள்ள நிறுவனங்களின் லாரிகள் மின்னணுக் கருவி மூலம் அனுமதி வாங்கி நிற்காமல் தாண்டுவதும் உண்டு. அங்கே தேசிய நெடுஞ்சாலைகளில் பொதுவான உச்ச வரம்பு 80,000 பவுண்டு, சுமார் 36.3 டன்; நம் 55 டன் டிரெய்லரைவிட மிகக் குறைவு. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது, என் கை பட்டு அறிந்ததல்ல. நம் ஊரில் வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் அதே மத்தியச் சட்டம்தான். அதிகாரிகள் மாறுவார்கள், கண்டிப்பு மாறும், வரம்பு மாறாது.

மற்ற வண்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லருக்குச் சுங்கக் கட்டணம் இல்லை என்பதால் எடையும் கேட்க முடியாது என்று நினைப்பது தவறு. 114-ஆவது பிரிவு டிரெய்லரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கரும்போ வைக்கோலோ பக்கத்தில் பிதுங்கினால் எடை சரியாக இருந்தாலும் அதற்குத் தனியாக 20,000 ரூபாய் அபராதம் உண்டு. நாமக்கல்லின் கேஸ் டேங்கர்கள் ஆலைக்குள் போகும்போதும் நிரப்பி வெளியே வரும்போதும் அங்கேயே எடை போடப்படுவதால் சாலையில் மாட்டுவது அபூர்வம். பயணிகள் அதிகம் ஏறிய பஸ்ஸுக்கு வேறு பிரிவு. ஆம்னி பஸ்ஸின் கூரையில் ஏற்றும் சரக்கு வேறு தலைவலி, அதை இங்கே இழுக்கவில்லை. ஜல்லி, மணல், கிராவல் டிப்பர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தோடு கனிம விதிகளும் சேர்ந்துகொள்வதால், கனிமவளத் துறையினரும் வருவாய்த் துறையினரும்கூட நிறுத்தக் கூடும். நனைந்த எம்-சாண்ட் ஏற்றுகிறவர்கள், மழை நாளில் அதே உயரம் ஏற்றினாலும் எடை ஏறியிருக்கும் என்பதை மறந்து மாட்டுவார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிதான் வழக்குக்குரிய இடம். 113 எந்த மோட்டார் வாகனத்தையும் கட்டுப்படுத்துகிறது; 114 சரக்கு வண்டியையும் டிரெய்லரையும் மட்டும் சொல்கிறது. துளையிடும் இயந்திரத்தையே சுமந்து நிற்கும் வண்டி சரக்கு வண்டியா என்று வாதிடலாம், வாதிட்டும் இருக்கிறார்கள். கூடவே குழாயும் டீசலும் ஏற்றிப் போகும் துணை லாரிக்கு அந்த வாதம் உதவாது.

சத்தியமங்கலம் வழியாக மைசூருக்குப் போகிறவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றிலும் புலிகள் காப்பகம். உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் கனரக வண்டிகளுக்கு எடைக் கட்டுப்பாடும் இருக்கின்றன. உங்கள் ஆர்.சி. வரம்புக்குள் இருந்தாலும் அந்தப் பாதைக்கு உங்கள் லாரி தகுமா என்பதைத் தனியே விசாரிக்க வேண்டும். ஆசனூர்ப் பக்கம் உயரம் மீறி அடுக்கிய கரும்பு லாரிகளிலிருந்து விழும் கரும்புக்குப் பழகி, யானைகள் சாலையில் காத்து நிற்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கூடுதல் பாரத்துக்கு அப்படியும் ஒரு விளைவு.

எடை போட்டு அதிகம் என்று வந்துவிட்டால், அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு புறப்படலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும், இறக்கு கூலியும் இறக்கிய சரக்கின் பொறுப்பும் உங்களுடையது. தொகை வாங்கிக்கொண்டு அதிக பாரத்தை அனுமதிக்கும் ஏற்பாடு செல்லாது என்று 2005-இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. நடைமுறையில், இன்னொரு வண்டியை வரவழைத்து மாற்றி ஏற்றுவதுதான் வழி. போக்குவரத்துப் போலீசார் வண்டியை நிறுத்தலாம், காகிதம் பார்க்கலாம். எடைமேடைக்கு அனுப்பும் அதிகாரத்தை 114 மோட்டார் வாகனத் துறைக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஆனாலும் சாலையோரத்தில் நின்று பிரிவு எண் சொல்லி வாதிடும்படி உங்களுக்கு அறிவுரை சொல்ல மாட்டேன். அவர்கள் ஆய்வாளரை வரவழைத்தால் உங்கள் அரை நாள் போய்விடும்.

ஐந்து சதவீதம் வரை கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். மேடைக்கு மேடை எடையில் சிறு வேறுபாடு வரும் என்பதால் ஆய்வாளர்கள் கொஞ்சம் விட்டுப் பிடிப்பது வழக்கம். அதைச் சரக்கு ஏற்றும் இடமாக எண்ணாதீர்கள். ஆலை தரும் பில்லில் இருப்பது நூலின் நிகர எடை. நூல் சுற்றிய கோன், சாக்கு, தார்ப்பாய், டீசல், ஓட்டுநர், கூட ஏறிய சுமைக்காரர் எல்லாரும் எல்லாமும் மேடையில் ஏறும். ஏற்றிய இடத்துக்குப் பக்கத்திலேயே எடை போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் அங்கே இரண்டு மூட்டையை இறக்கிவைக்க இடம் இருக்கும். எடைமேடைக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை போட வேண்டும்; நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. முத்திரைச் சான்றிதழை அறையில் மாட்டியிருப்பார்கள், தேதியைப் பாருங்கள். ரசீதில் வண்டி எண், தேதி, நேரம், மொத்த எடை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பேனாவால் எழுதித் தரும் சீட்டை எந்த அதிகாரியும் பொருட்படுத்தி நான் பார்த்ததில்லை.